பிடித்தம் போக

லாய்ட்மின்ஸ்டரில் ஒரு தெருவின் நடுக்கோடுதான்
இரண்டு மாகாணங்களுக்கும் எல்லை.
இந்தப் பக்கம் ஆல்பர்ட்டா, பெட்ரோல் பங்க்.
அந்தப் பக்கம் சஸ்காட்சுவான், டோனட் கடை.
சிக்னல் விழுந்தால் பத்தொன்பது எட்டில்
வேறொரு வரிச் சட்டத்துக்குள் நுழைந்துவிடலாம்.
எண்ணியிருக்கிறேன்.

அறை எடுத்தது மேற்குப் பக்கம்.
ஜன்னல் முழுசாக மூடாது, வாடகை நாற்பது டாலர் அதிகம்,
கீழே இருப்பவன் இரவு பதினொன்றுக்கு டிரம்ஸ் பழகுவான்.
ஆனாலும் மேற்கு.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவன் நான்.

குழாய்களில் வெல்டிங்கைப் பரிசோதிப்பது தொழில்.
மணிக்கு நூற்றுப் பதினெட்டு, காண்ட்ராக்ட்.
மயிரிழை விரிசல் இருந்தாலும்
எக்ஸ்ரே படம் காட்டிக்கொடுத்துவிடும்,
வெளியே எவ்வளவு பளபளப்பாகத் தேய்த்திருந்தாலும்.

மூன்று குளிர்காலம் ஒரு எக்செல் தாளோடு உட்கார்ந்திருந்தேன்.
ஹூஸ்டனில் மாநில வரி கிடையாது,
மிச்சத்தை மருத்துவக் காப்பீடு விழுங்கிவிடும்.
பெர்த்துக்கு வடக்கே சுரங்கத்தில் நாள் கூலி கண்ணைப் பறிக்கும்,
அந்த விசாவுக்கு வயது தாண்டிவிட்டது.
கத்தாரில் வரியே இல்லை.
போன தடவை அங்கே மூன்று மாதம் சம்பளமும் இல்லை.
வாடகை, விமானம், பனிக்கு வேறு டயர்
எல்லாவற்றையும் கழித்து
கடைசி நெடுவரிசைக்குப் பெயர் வைத்தேன்:
பிடித்தம் போக.
அதில் முதலாவதாக நின்றது
இந்த ஊரின் இந்தப் பக்கம்.

பிப்ரவரியில் எட்மண்டனிலிருந்து
வரிக் கணக்கு பார்க்கும் குலசிங்கம் அழைத்தார்.
"மார்கழி முப்பத்தொண்டாந் திகதி எங்கை இருந்தனீங்கள்?"
"இங்கேதான் சார். வாடகைச் சீட்டு இருக்கு, கரண்ட் பில் இருக்கு,
லைப்ரரி கார்டுகூட எடுத்து வச்சிருக்கேன்."
"மனிசி, பிள்ளை?"
"பிராம்டன்ல."
ஒரு இருமல். காகிதம் புரளும் சத்தம்.
"அப்ப நீங்கள் இருக்கிறதும் பிராம்டனிலைதான், தம்பி.
சட்டம் அப்பிடித்தான் பாக்கும்.
ஒன்ராறியோ வரிதான் கட்டவேணும்."

ஆறாயிரத்து நானூற்றுச் சொச்சம்
ஒரே மூச்சில் போனது.

போன வருடம் அந்த வீட்டில் நான் தூங்கியது
நாற்பத்தோரு இரவு. அதில் ஒன்பது, காய்ச்சலில்.
பள்ளிப் படிவங்களில் அப்பாவின் கையெழுத்தை
உலகம்மையே போட்டுவிடுகிறாள்,
என்னுடையதைவிட நன்றாக வருகிறது.
டிசம்பரில் போனபோது
வாசலில் புது எண்பூட்டு.
இரண்டு தடவை ஏதேதோ அழுத்திப் பார்த்துவிட்டு
காலிங் பெல் அடித்தேன்.
பையன் கதவைத் திறந்து, உள்ளே திரும்பி,
"அம்மா, வந்துட்டாங்க" என்றான்.
யார் என்று சொல்லவில்லை.

இந்த என்னிடம் கனடா அரசாங்கம் சொல்கிறது,
நீ வசிப்பது அங்கேதான் என்று.

ஆட்சேபித்து மனுப் போடலாமாம்.
போட்டால் நிரூபிக்கவேண்டியது நான்:
அந்த வீட்டுக்கும் எனக்கும்
ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.
யோசித்துப் பார்த்தால்
ஆதாரத்துக்குப் பஞ்சமில்லை.

மறுநாள் ஷிஃப்டுக்கு முன்னால் அழைத்தேன்.
எனக்கு ஐந்து மணி, அவளுக்கு ஏழு.
கார்க் கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டிருந்தாள்,
ஸ்பீக்கரில் அதுதான் அதிகம் கேட்டது.
சொல்லி முடித்தேன். சுரண்டல் நின்றது.
"அப்போ கவர்மெண்ட் கணக்குல நீங்க இங்கதான் இருக்கீங்க?"
"ஆமா."
"அப்போ இந்த வாரம் குப்பைத் தொட்டி உங்க முறை."
சிரித்தாளா என்று தெரியவில்லை,
அதற்குள் சுரண்டத் தொடங்கிவிட்டாள்.

மனுப் போடவில்லை.
வண்டியில் ஹீட்டர் சூடாகும்வரை தாளைத் திறந்து
கடைசி நெடுவரிசையில் எண்ணை மட்டும் திருத்தினேன்.
தலைப்பைத் தொடவில்லை.

அங்கே தொட்டிகளை மாற்றி மாற்றித்தான் வெளியே வைக்கவேண்டும்,
ஒரு வாரம் நீலம், ஒரு வாரம் சாம்பல்.
இந்த வாரம் எது என்று
அவளிடம் கேட்க வெட்கமாக இருந்தது.